இடைச்சுவர்களை உடைக்குமுன்: கல்முனை வாசகிக்கு ஒரு பதில்

கல்முனையிலிருந்து எழுதியிருக்கும் வாசகி, மற்ற நிறுவனங்களுக்குக் கணக்கு வைப்பும் சம்பளப் பட்டியலும் செய்துகொடுக்கும் தனியார் கந்தோர் ஒன்றில் நிர்வாக அலுவலர். கந்தோர் பிரதான வீதியோரத்து மேல்மாடியில் இருக்கிறது. 60 அடி நீளம், 25 அடி அகலம், 10 அடி உயரம், மேலே சீற் கூரை. அதற்குள் ஏழு சிறிய அறைகள், அவற்றில் இரண்டுக்கு யன்னலே இல்லை. கணக்குப் பகுதியில் 8 பேர், மென்பொருள் எழுதுவோர் 5 பேர், தொலைபேசியில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வோர் 6 பேர், வெளிக்கள அலுவலர்கள் 3 பேர், வாசகி, முதலாளி என மொத்தம் 24 பேர்.

முதலாளி அண்மையில் கொழும்பில் ஒரு திறந்தவெளி அலுவலகத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். வந்த கையோடு ஒரு முடிவு: இடைச்சுவர் எல்லாவற்றையும் உடைப்பது, நீள மேசைகள் போட்டு 18 இருக்கை வைப்பது, முதலில் வருபவர் விரும்பிய இடத்தில் இருப்பது, மண்டபத்துக்கு இரண்டு ஏசி பூட்டுவது. தனக்கு மட்டும் ஒரு கண்ணாடி அறை. பதினைந்து வருடம் வேலை செய்த மூத்த கணக்காளர், "சந்தைக்குள் இருந்து கணக்குப் பார்க்க என்னால் ஏலாது, விலகிவிடுவேன்" என்கிறார். பெண் ஊழியர்கள் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை, ஆனால் முகம் சரியில்லை. வாசகியின் கேள்விகள் நான்கு. ஓர் ஆளுக்கு இத்தனை சதுர அடி என்று சட்டம் இருக்கிறதா? சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் நிற்குமா? இருந்தபடியே விடுங்கள் என்று முதலாளியிடம் சொல்லலாமா? எப்படிச் சொல்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இருந்தபடியே விடுங்கள் என்று சொல்ல வேண்டாம். உங்கள் வரைபடத்தைப் பார்த்தால் முதலாளி பாதி சரியாகத்தான் யோசித்திருக்கிறார். தொலைபேசிக்காரர் ஆறு பேரும் மூன்று அறைகளில் சிதறிக் கிடக்கிறார்கள். ஒருவருக்கு வந்த முறைப்பாடு அடுத்தவருக்குத் தெரிவதில்லை. யன்னல் இல்லாத அறை இரண்டிலும் பகலிலேயே விளக்கு எரிகிறது. ஒரு கோப்பு நான்கு கதவு தாண்டிப் போகிறது. இந்த அறைகளில் காப்பாற்றி வைக்க வேண்டியவை அதிகமில்லை. அவர் தவறுவது அதற்கு அடுத்த படியில். சுவர் இடைஞ்சல் என்பதால் சுவரே இல்லாவிட்டால் எல்லாம் சரியாகும் என்று எண்ணுகிறார்.

ஒரு தாளில் 24 பேரின் வேலையையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "யார் பேசுவது இவருக்குக் கேட்க வேண்டும், யார் பேசுவது கேட்கக் கூடாது" என்று இரண்டு நிரல் போட்டு நிரப்பிப் பாருங்கள். எந்தச் சுவர் போகலாம், எது நிற்க வேண்டும், எங்கே புதிதாக ஒன்று எழ வேண்டும் என்பது அந்தத் தாளிலிருந்தே வந்துவிடும். தொலைபேசிக்காரர் ஆறு பேருக்கும் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்பது நல்லது. அதே பேச்சு கணக்குப் பகுதியின் காதில் விழுவது கெடுதி. மென்பொருள்காரருக்குத் தங்களுக்குள் பேச்சு வேண்டும், வெளிப்பேச்சு வேண்டாம்.

திறந்தவெளி அலுவலகம் நேற்று வந்த நாகரிகமும் அல்ல, ஒரே வடிவமும் அல்ல. 1950களின் பிற்பகுதியில் ஜேர்மனியில் குவிக்போர்னர் என்ற ஆலோசகர் குழுவினர் அறைகளை நீக்கி, யார் யாருடன் அதிகம் தொடர்புகொள்கிறார் என்று கணக்கெடுத்து, செடிகளும் மறைப்புகளும் இடையில் வைத்து மேசைகளைக் கூட்டம் கூட்டமாக அமைத்தார்கள். அந்தக் கணக்கெடுப்புத்தான் முறையின் உயிர். பின்னால் வந்தவர்கள் பலர் அதை விட்டுவிட்டு மேசை வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஹேர்மன் மில்லர் தளபாட நிறுவனத்துக்காக ரொபேர்ட் புரொப்ஸ்ட் 1960களில் வடிவமைத்த நகர்த்தக்கூடிய மறைப்புகளின் கதையும் இப்படித்தான். ஊழியருக்குச் சுதந்திரம் தரவென்று வந்தவை, இடத்தை மிச்சம் பிடிக்க வரிசையாக அடுக்கிய பெட்டிகளாக முடிந்தன. 1990களில் நெதர்லாந்தின் இன்ரர்பொலிஸ் காப்புறுதி நிறுவனம் சொந்த மேசையை எடுத்துவிட்டு, அமைதியான வேலைக்கு ஓர் இடம், கூட்டத்துக்கு ஓர் இடம், பேச்சுக்கு ஓர் இடம் என்று வகை வகையாகக் கொடுத்தது. உங்கள் முதலாளியின் திட்டத்தில் சொந்த மேசை போகிறது, அதற்கு ஈடாக வர வேண்டிய அந்த இடங்கள் வரவில்லை.

எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருந்தால் நிறையப் பேசிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையையும் ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈதன் பேர்ன்ஸ்ரைன், ஸ்ரீபன் டர்பன் இருவரும் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், திறந்தவெளிக்கு மாறிய இரண்டு பெரிய நிறுவனத் தலைமையகங்களின் ஊழியர்களுக்கு அணியும் கருவி கொடுத்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். முகம் பார்த்துப் பேசுவது ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்திருந்தது. மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் கூடியிருந்தன. காரணம் விளங்குவது கஷ்டமில்லை. இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் எழுந்துபோய், "இது எனக்கு விளங்கவில்லை" என்று கேட்கத் தயங்குவார். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு குனிந்திருப்பதே பாதுகாப்பு. எல்லோரும் கண்முன் இருந்தால் எல்லோரும் வேலை செய்வார்கள் என்பது முதலாளியின் சொல்லாத காரணமாக இருந்தால், அவருக்குத் தெரியப்போவது குனிந்த தலைகள் மட்டுந்தான்.

கேட்கும் பேச்சே இடைஞ்சல்

வீதியில் போகும் பஸ்ஸின் ஹோர்ன் எரிச்சல் தரும், ஆனால் கூட்டிவரும் எண்ணை மறக்கச் செய்வது அதுவல்ல. பக்கத்து மேசையில் யாரோ "எழுபத்தையாயிரம்" என்று சொல்வதுதான். விளங்கும் சொல்லை மனம் தானாகவே பிடித்துக்கொள்ளும். எண்களை வரிசையாக நினைவில் வைத்து வேலை செய்பவருக்கு இது மிக மோசம். ஒரு பக்கம் மட்டும் கேட்கும் தொலைபேசிப் பேச்சு அதிலும் கெட்டது, கேட்காத பாதியை மனம் ஊகித்துக்கொண்டே இருக்கும். உங்கள் மூத்த கணக்காளர் பிடிவாதக்காரர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தன் வேலைக்கு எது பகை என்பதைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

சாதாரணமாகப் பேசும் ஒருவரின் குரல் மூன்றடி தூரத்தில் ஏறத்தாழ 60 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு). மாபிள் தரை, வெறும் சுவர், கட்டிச் சீலிங் உள்ள மண்டபத்தில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் அது மூன்று நான்கு டெசிபெல்தான் குறையும். 25 அடி தள்ளியும் கிட்டத்தட்ட 50 டெசிபெல் இருக்கும், அங்கே இருப்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும். திறந்த அலுவலகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 3382-3 என்ற சர்வதேச நியமத்தின் 2012 பதிப்பு நல்ல மண்டபத்துக்கு உதாரணமாகச் சொன்ன இலக்கு, இரட்டிப்புக்கு 7 டெசிபெல் அல்லது அதற்கு மேல். அப்படியானால் அதே 25 அடியில் 40க்குக் கீழே போய்விடும். மின்விசிறி, ஏசி இவற்றின் இரைச்சலே 40 முதல் 45 டெசிபெல் என்பதால் பேச்சு அதற்குள் கரைந்துவிடும். மின்விசிறியின் சீரான சத்தம் உங்களுக்கு நண்பன். அதைக் குறைக்கப் பாடுபட வேண்டாம்.

முட்டை அட்டை பற்றி

வேண்டாம். சத்தத்தை உறிஞ்சுவது ஒரு வேலை, தடுப்பது இன்னொரு வேலை. தடுக்கப் பாரமும் இடைவெளி இல்லாமையும் வேண்டும். முட்டை அட்டைக்குப் பாரம் இல்லை, ஆகவே எதையும் தடுக்காது. உறிஞ்சுவதும் கொஞ்சம், அதுவும் கீச்சுக் குரலில்தான். தீப்பிடித்தால் ஒரு நிமிடத்தில் சுவர் முழுக்க ஏறிவிடும்.

உறிஞ்சுவதற்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் போடலாம். மண்டபத்தின் பின்பக்கம் 32 அடி நீளத்தைக் கணக்குக்கும் மென்பொருளுக்கும் ஒதுக்குவதாக வைப்போம். 32 × 25 × 10 என்றால் 8,000 கன அடி. எதிரொலி அடங்கும் நேரத்தைக் காண 0.049 ஐக் கன அடியால் பெருக்கி, அறையின் மொத்த உறிஞ்சலால் வகுக்க வேண்டும். வெறும் சுவரும் தரையும் 13 ஆட்களும் தளபாடமும் சேர்ந்து ஏறத்தாழ 180 அலகு உறிஞ்சும் (விழும் சத்தம் முழுவதையும் உறிஞ்சும் ஒரு சதுர அடி, ஓர் அலகு). 392 ஐ 180 ஆல் வகுத்தால் 2.2 செக்கன். மண்டபம் கோயில் மண்டபம்போல முழங்கும். இலக்கு 0.6 செக்கன், அதற்கு 650 அலகு வேண்டும். இன்னும் 470 தேவை.

இரண்டு அங்குலத் தடிப்பான ரொக்வூலை (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சுத் தகடு) 4 அடிக்கு 2 அடி மரச்சட்டத்தில் வைத்து, இருபுறமும் காற்றுப் புகும் துணி போர்த்து, தலைக்கு மேலே செங்குத்தாகத் தொங்கவிட்டால் இரு பக்கமும் சேர்ந்து 16 சதுர அடி சத்தத்தைப் பார்த்திருக்கும். ஒரு பலகைக்கு 12 அலகு என்று அடக்கமாக எடுத்தாலும் 40 பலகை போதும். மருதமுனைக் கைத்தறியில் தடித்த, நெருக்கம் குறைந்த நெசவு இதற்கு நன்றாகப் பொருந்தும். வாயை வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு மறுபக்கம் போனால் சத்தமும் போகும். பிளாஸ்ரிக் பூச்சுள்ள துணி உதவாது. ரொக்வூல் விலை கட்டாவிட்டால் மெத்தைக்குப் போடும் தும்புத் தகடு பாவிக்கலாம், ஆனால் அது சற்றுக் குறைவாக உறிஞ்சும், எரியும். விளக்கிலிருந்தும் வயரிலிருந்தும் ஓரடியாவது தள்ளி வைக்க வேண்டும். வாடைக்காலத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை இறக்கிப் பார்க்கவும் வேண்டும்.

பலகைகளைக் கூரை மரத்திலோ இரும்பிலோ மட்டும் கொழுவுங்கள். கூரைச் சீற் அஸ்பெஸ்டஸ் என்றால் அதில் துளை போடவோ வெட்டவோ கூடாது. பழைய தட்டைச் சீலிங் சீற்றிலும் அது கலந்திருக்கலாம். கழற்ற வேண்டி வந்தால் தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழுத் தகடாக இறக்கி, முகக்கவசத்தோடு வேலை செய்யும்படி மேசன் பாஸிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தத் தூசு சுவாசப்பைக்குப் போனால் பல வருடம் கழித்து நோயாக வரும்.

மேசைகளுக்கு இடையிலான மறைப்பு நாலடிக்குக் குறைந்தால் சத்தத்துக்கு அது இருப்பதும் ஒன்று இல்லாததும் ஒன்று, ஏனென்றால் இருந்து பேசுபவரின் வாய் கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் இருக்கும். நாலரை அடி வையுங்கள். அதற்கு மேலே போனால் மின்விசிறிக் காற்று மறிபடும். கீழே நாலு அங்குலம் திறந்துவிட்டால் காலடியில் காற்று ஓடும்.

எங்கே எதை வைப்பது

வீதிப்பக்கம் 18 அடி, நடுவில் 10 அடி, பின்பக்கம் 32 அடி என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். வீதிப்பக்கத்தில் 18 க்கு 15 அடியில் தொலைபேசி அறை. ஆறு பேருக்கு ஆளுக்கு 45 சதுர அடி வரும், சிறிய மேசை போதும் என்பதால் அது காணும். மீதிப் பத்தடியில் வருவோர் இருக்குமிடம், உங்கள் மேசை, வெளிக்கள அலுவலர் மூவருக்கும் பொதுவாக இரண்டு மேசை. தொலைபேசி அறையின் பிரிப்பு கூரைவரை போக வேண்டும். சீலிங்கோடு நிறுத்தினால் சத்தம் மேலால் ஏறிக் குதிக்கும், இங்கே பெரும்பாலான வேலைகள் பிழைப்பது இந்த இடத்தில்தான். கதவின் கீழே அரை அங்குலம் இடைவெளி இருந்தால் நல்ல சுவர் கட்டிய காசும் வீண். றப்பர் பட்டி அடியுங்கள். அறைக்குள்ளும் பத்துப் பன்னிரண்டு பலகை தொங்கட்டும். முழக்கம் கூடிய அறையில் ஆறு பேரும் ஒருவரை ஒருவர் மிஞ்சிக் கத்தத் தொடங்குவார்கள்.

நடுப் பத்தடி ஓர் இடைத்தாங்கி. அச்சு இயந்திரம், தேநீர், 10 க்கு 10 அடியில் கூட்ட அறை, தனியாகப் பேச இரண்டு சிறு கூடுகள். கூடு உள்ளே நாலடிக்கு மூன்றரை அடி இருந்தால் போதும். ஆனால் கூரையில் நாலு அங்குலக் காற்றிழுக்கும் விசிறி கட்டாயம். இல்லாவிட்டால் புட்டுக்குழல்தான், ஐந்து நிமிடத்தில் ஆள் அவிந்து வெளியே வருவார். காற்று உள்ளே வரும் வழியை நேர்த் துளையாக வைக்காமல், உட்புறம் தும்பு ஒட்டிய வளைந்த பெட்டி வழியாக விட்டால் பேச்சு வெளியே ஒழுகாது.

பின்பக்கம் 800 சதுர அடியில் 13 பேர், ஆளுக்கு 61 சதுர அடி. மண்டபமாக இருக்கும் இடத்தில் 60 முதல் 80 வரை வசதியானது, அதற்குக் கீழே போனால் கதிரையும் கதிரையும் முட்டும். கதிரைக்குப் பின்னால் மூன்றடி, நடைபாதைக்கு நாலடி விடுங்கள். மென்பொருள்காரர் ஐவரையும் ஒரு மூலையில், அலுமாரி வரிசை ஒன்றை முதுகாகக் கொடுத்துத் தள்ளி வைத்தால் அவர்கள் கதையும் அவர்களோடு நிற்கும். மேசைகள் யன்னலுக்குப் பக்கவாட்டாக இருக்கட்டும். முகத்தை யன்னலுக்கு நேரே வைத்தால் கண் கூசும், முதுகை வைத்தால் திரையில் வெளிச்சம் விழும்.

பெண் ஊழியர்கள் வாய் திறவாததற்கு நான் ஊகிக்கும் காரணங்கள் இவை: முதுகுப் பக்கம் ஆட்கள் நடமாடும் நடைபாதை, முன்பக்கம் திறந்த மேசை, நாளுக்கு நாள் பக்கத்தில் யார் என்று தெரியாமை. ஊகம் ஊகந்தான், நீங்களே தனித்தனியாகக் கேளுங்கள். மேசையின் முன்னால் தரையிலிருந்து ஓரடி விட்டு மறைப்புப் பலகை அடிப்பதும், நடைபாதையைப் பார்த்தபடி கதிரை வைப்பதும் செலவில்லாத வேலை, நிம்மதி பெரிது. படியோரத்துச் சிறு அறையில் தொழுகை நடப்பதாக எழுதியிருந்தீர்கள். அதைக் கணக்கில் சேர்த்து உடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்மாடி மண்டபத்தில் அதற்கு மாற்றிடம் தேடுவது பிறகு பெரும்பாடு.

முதலாளியின் கண்ணாடி அறை பற்றி ஒரு சொல். எல்லோருக்கும் திறந்தவெளி, தனக்கு அறை என்றால் மற்ற எல்லா விளக்கமும் அடிபட்டுப் போகும். நடுவிலுள்ள கூட்ட அறையை அவர் பாவிக்கட்டும், அவர் வெளியே போன நேரம் மற்றவர் பாவிக்கட்டும். சம்பள விடயம் பேச உங்களுக்கும் அந்த அறை தேவை. வாடிக்கையாளரின் சம்பளப் பட்டியலைக் கையாளும் கந்தோருக்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது என்பதையும் ஞாபகப்படுத்துங்கள். வருவோர் இருக்குமிடத்திலிருந்து கணக்குத் திரைகள் தெரியக் கூடாது.

பதினெட்டுக் கதிரை

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அரைவாசிப் பேர் எப்போதும் வெளியே இருக்கும் நிறுவனத்துக்கு மேசைப் பங்கீடு பொருந்தும். உங்களில் வெளியே போவது மூவர்தான். இரண்டு வாரம் ஒவ்வொரு நாளும் காலை 10 மணி, 11.30, பிற்பகல் 3 மணிக்கு எத்தனை மேசையில் ஆள் இருக்கிறது என்று குறித்து வையுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தை எண்ண வேண்டாம். பார்க்க வேண்டியது சராசரியை அல்ல, ஆகக் கூடிய எண்ணை. அது 22 என்றால் 18 கதிரை எப்படி? நான்கு பேர் தினமும் தேநீர் மேசையில் வேலை செய்வார்கள். பிறகு எல்லோரும் காலையில் பையைப் போட்டு இடம் பிடிப்பார்கள். ஒரு மாதத்துக்குள் ஆளுக்கொரு "சொந்த" மேசை தானாக வந்துவிடும், வயதில் மூத்தவரும் பிந்தி வரும் தாய்மாரும் மட்டும் நிற்பார்கள். இரண்டு திரையும் தாள் கோப்பும் வைத்து வேலை செய்யும் கணக்குப் பகுதிக்கு நிலையான மேசைதான் சரி.

வெக்கை

ஏசி இரண்டு காணாது. இருந்து வேலை செய்யும் ஓர் ஆள் ஏறத்தாழ 120 வாட் வெப்பம் விடுகிறார். 24 பேருக்கு மணிக்கு 9,800 பி.ரி.யூ. (ஏசியின் வலுவைச் சொல்லும் வெப்ப அலகு). கணினியும் திரையும் ஆளுக்கு 80 வாட் என்றால் இன்னொரு 6,500. கூரையும் மேற்கு யன்னலும் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. சீற் கூரையின் கீழ் மேல்மாடிக்குச் சதுர அடிக்கு 40 முதல் 50 பி.ரி.யூ. என்று எடுத்தால் 1,500 சதுர அடிக்கு 60,000 முதல் 75,000 வரும். 18,000 பி.ரி.யூ. ஏசி நான்கு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இரண்டு ஏசி நாள் முழுக்க ஓடும், கரண்ட் பில் ஏறும், அறை குளிராது. அறைகள் இருந்தபோது ஆள் இல்லாத அறையை நிறுத்தி வைக்கலாம். திறந்த மண்டபத்தில் ஒருவர் இருந்தாலும் முழுவதும் குளிர வேண்டும். திறந்தவெளி மலிவு என்று சொல்பவர்கள் இந்த வரியை எழுத மறந்துவிடுகிறார்கள்.

முதற் செலவு ஏசிக்கு அல்ல, கூரைக்கு. சீற்றின் கீழே காற்று இடைவெளி விட்டு வெப்பம் தெறிக்கும் தகடு விரித்தால் பகல் வெக்கை குறையும். அதன் கீழே ரொக்வூலும் பரப்பினால் மாரியில் மழை அடிக்கும்போது தொலைபேசி பேசவும் முடியும். பிறகு ஏசியின் அளவை முடிவுசெய்யுங்கள். சாதாரணமாகச் சுவரில் பூட்டும் ஏசி உள்ளே இருக்கும் காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிராக்கும், புதுக்காற்று தராது. மூடிய மண்டபத்தில் பின்னேரம் எல்லோருக்கும் தலை கனப்பது அதனால்தான். காற்றிழுக்கும் விசிறி ஒன்றும், எதிர்ச்சுவரில் காற்று வர வழியும் வையுங்கள். கடற்கரை ஊர் என்பதால் ஏசியின் வெளியே இருக்கும் பகுதியை மாதமொருமுறை கரண்டை நிறுத்தி நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். உப்பு தின்றுவிடும்.

சட்டம் சொல்வது

நீங்கள் எதிர்பார்த்த "ஆளுக்கு இத்தனை சதுர அடி" என்ற வாளை நம்பிப் போக வேண்டாம். 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வேலை நேரத்தையும் விடுமுறையையும் ஒழுங்குபடுத்துவதோடு, போதிய காற்று, வெளிச்சம், மலசலகூட வசதி இவற்றையும் கேட்கிறது. யன்னல் இல்லாத அறையிலோ மூச்சு முட்டும் மண்டபத்திலோ ஆளை இருத்தினால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தை யாராவது எடுத்துக் காட்டினால், அது தொழிற்சாலைகளுக்கானது என்று சொல்லிவிடுங்கள். மேசையை இடம் மாற்றுவது பொதுவாக முதலாளியின் உரிமை.

ஆனால் மூத்த கணக்காளர் விடயத்தில் முதலாளிக்கு இரண்டு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்பதால் 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும். ஐந்து வருடம் முடித்த மாதச் சம்பள ஊழியர் தானாக விலகினாலும், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். பதினைந்து வருடத்துக்கு ஏழரை மாதச் சம்பளம். "பிடிக்காவிட்டால் போகட்டும்" என்று அனுப்பப் பார்த்தால், 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டம் குறுக்கே வரும். ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் அது செல்லாது. அந்த நிலைக்கு வந்தால் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள், நான் சொல்வது திட்டமிடும் கட்டத்துக்கு மட்டும்.

உடைக்கும் வேலைக்கும் ஒரு நிபந்தனை. நாலரை அங்குலச் சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்பு, ஆனால் ஒன்பது அங்குலச் சுவரில் கூரை மரம் தாங்கியிருக்கலாம். பொறியியலாளர் பார்க்காமல் அதில் சுத்தியல் படக் கூடாது. கட்டட அமைப்பு மாறுவதாக இருந்தால் கட்டட உரிமையாளரின் எழுத்தும் மாநகர சபையின் அனுமதியும் முதலில் வேண்டும்.

முதலாளியிடம் எப்படிச் சொல்வது

"வேண்டாம்" என்று தொடங்காதீர்கள். "நீங்கள் சொன்னதைப் பத்து வேலை நாள் செய்து பார்ப்போம், சுவர் பிறகு உடையட்டும்" என்று தொடங்குங்கள். ஹார்ட்போர்ட் பிரிப்பாக உள்ள மூன்று அறையைக் கழற்றினால் ஒரு சிறு மண்டபம் வரும். ஓடாவி ஒருவருக்கு ஒருநாள் வேலை, திரும்பப் பூட்டவும் முடியும். முதல் ஐந்து நாள் அவர் சொன்னபடி எல்லோரும் கலந்து இருக்கட்டும். அடுத்த ஐந்து நாள் தொலைபேசிக்காரரைத் தனியாக வைத்து, மற்றவர்களை ஒன்றாக இருத்துங்கள். இரண்டு வாரமும் மூன்று எண்களை மட்டும் குறியுங்கள்: திருத்த வேண்டி வந்த கணக்குப் பதிவுகள், "என்ன சொன்னீர்கள்?" என்று வாடிக்கையாளர் திரும்பக் கேட்ட அழைப்புகள், பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகும் வேலை முடியாமல் இருந்தவர்கள். முதலாளியையும் இரண்டு நாள் அந்த மண்டபத்தின் நடுவில் மேசை போட்டு இருக்கச் சொல்லுங்கள், கண்ணாடி அறை பற்றி நீங்கள் வாதாட வேண்டிய தேவை வராமல் போகலாம்.

அந்த மூன்று எண்களையும் எழுதிய தாளோடு ஏசி நான்குக்கான விலை, கூரைத் தகட்டுக்கான விலை, பலகை 52க்கான விலை (பின்பக்கம் 40, தொலைபேசி அறைக்கு 12) மூன்றையும் எழுத்தில் வாங்கி இணையுங்கள். பரீட்சார்த்த நாட்களை மாத நடுவில் வைத்துவிடாதீர்கள், சம்பளப் பட்டியல் அனுப்பும் கடைசி வாரமும் அதற்குள் வர வேண்டும். கூரை வேலையை ஐப்பசி மழை தொடங்குமுன் முடித்துவிடுங்கள்.